புது டீசல் லாரி முரண்டு பிடித்தால்: அறிகுறியை வைத்துக் காரணம் தேடும் வழி

புது வண்டியில் எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் இன்ஜினுக்குள் ஏதோ போய்விட்டது என்றுதான் மனசு அடித்துக்கொள்ளும். புது கனரக டீசல் லாரியில் கோளாறு பெரும்பாலும் இன்ஜினுக்கு வெளியேதான் இருக்கும். தளர்ந்த கிளாம்ப், உராய்ந்த வயர், தரம் கெட்ட யூரியா திரவம் (புகையைச் சுத்தமாக்க ஊற்றுவது), பாடி கட்டும்போது கழற்றி ஒழுங்காக மாட்டாத எர்த் கேபிள் என்று எல்லாமே கையெட்டும் தூரத்தில் இருக்கும். அதனால் எதையும் பிரிப்பதற்கு முன் அறிகுறியைச் சரியாகப் படிக்க வேண்டும்.

முதல் வேலை, சாவியை அணைக்கும் முன் டேஷ்போர்டைப் படம் எடுத்துக்கொள்வது. விளக்கின் நிறம், திரையில் வந்த வாசகம், கிலோமீட்டர், வெப்பநிலை, காற்றழுத்தம் எல்லாம் அதில் தெரிய வேண்டும். அப்புறம்தான் ஸ்கேனர், அதாவது வண்டியின் கணினி பதிந்துவைத்த கோளாறு எண்ணை (code, கோடு) படிக்கும் கருவி. யாராவது ஸ்கேனரை மாட்டிய கையோடு கோடை அழித்துவிட்டு "சரியாகிடுச்சு" என்றால் நம்பாதீர்கள். கோடு அழியும்போது, கோளாறு வந்த நொடியில் இன்ஜின் என்ன நிலையில் இருந்தது என்ற பதிவும் சேர்ந்து அழியும். வாரண்டியில் இருக்கும் வண்டிக்கு அந்தப் பதிவுதான் சாட்சி.

கோடு என்ன சொல்கிறது

கனரக வண்டிகளில் கோடு பெரும்பாலும் இரண்டு எண்ணாக வரும். எஸ்பிஎன் என்பது எந்த உறுப்பு அல்லது எந்த அளவு என்று சொல்லும். எஃப்எம்ஐ என்பது அதில் என்ன வகைக் கோளாறு என்று சொல்லும். எஸ்பிஎன் 97 டீசலில் தண்ணீர், 100 இன்ஜின் ஆயில் அழுத்தம், 102 டர்போ காற்றழுத்தம், 110 கூலன்ட் வெப்பம், 168 பேட்டரி வோல்டேஜ், 1761 யூரியா டேங்க் அளவு, 3251 புகை வடிகட்டியின் முன்பின் அழுத்த வித்தியாசம், 3364 யூரியாவின் தரம்.

பலர் முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அந்த சென்சாரை மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள். காசை மிச்சம் பிடித்துக் கொடுப்பது இரண்டாவது எண்தான். எஃப்எம்ஐ 3, 4, 5 என்று வந்தால் அது மின்சாரக் கோளாறு. 3 என்றால் வோல்டேஜ் அதிகம், 4 என்றால் குறைவு, 5 என்றால் கரன்ட் போகவில்லை, அதாவது வயர் விட்டுப்போயிருக்கலாம். அப்போது உறுப்பை விட்டுவிட்டு அதன் சாக்கெட்டையும் வயரையும் பாருங்கள். எஃப்எம்ஐ 0 அல்லது 1 என்றால் அளவே நிஜமாக எல்லை மீறியிருக்கிறது என்று பொருள். எஸ்பிஎன் 100, எஃப்எம்ஐ 1 என்றால் வேறு பேச்சே இல்லை, இன்ஜினை உடனே நிறுத்த வேண்டும். அதே எஸ்பிஎன் 100, எஃப்எம்ஐ 4 என்று வந்து, ஆயில் அளவும் சத்தமும் சரியாக இருந்தால், வயர் சேசிஸில் உரசியிருக்கிறதா என்று தேடலாம்.

செல்ஃப் சுற்றவில்லை, அல்லது சோம்பலாகச் சுற்றுகிறது

சத்தமே இல்லையென்றால் முதலில் பூட்டுகளைப் பாருங்கள். கியர் நியூட்ரலில் இருக்கிறதா, பிடிஓ (இன்ஜின் சக்தியை டிப்பர் போன்ற மற்ற கருவிக்கு எடுப்பது) ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா, கேபின் சரியாக லாக் ஆகியிருக்கிறதா, பேட்டரி கட்-ஆஃப் ஸ்விட்ச் ஆன் ஆகியிருக்கிறதா. புது டிரைவர் ஏறிய வண்டியில் பாதி நேரம் கதை இதோடு முடிந்துவிடும்.

மெதுவாகச் சுற்றினால் மல்டிமீட்டர் எடுங்கள். 24 வோல்ட் வண்டியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருக்கும். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு ஒவ்வொன்றும் தனித்தனியாக 12.6 வோல்ட் வாக்கில் காட்ட வேண்டும். ஒன்று 12.7, இன்னொன்று 12.1 என்று காட்டினால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். யாரோ ரேடியோவுக்கோ கேமராவுக்கோ ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் இழுத்திருக்கிறார்கள். அந்த பேட்டரி எப்போதும் குறைவாகவே சார்ஜ் ஆகும், மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும், கடைசியில் இரண்டும் கெடும். இதற்கு 24-ஐ 12 ஆக மாற்றும் கன்வர்ட்டர் போட வேண்டும். புது பேட்டரி வாங்கிப் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் சோம்பினால் எர்த்தைச் சோதியுங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் தடை இருக்கிறது. பாடி கட்டும்போது கேபிளைக் கழற்றி, பெயின்ட் மேலேயே திரும்ப முடுக்கியிருப்பார்கள். சுரண்டி, துடைத்து, இறுக்கினால் சரி.

ஓடும்போது சார்ஜிங் 27.5 முதல் 28.5 வோல்ட் வரை இருப்பது வழக்கம். அதில் குறை இல்லாமல், ஓரிரு நாள் நிறுத்தினாலே பேட்டரி இறங்குகிறது என்றால், பிறகு மாட்டிய ஜிபிஎஸ், கேமரா, கூடுதல் விளக்கு இவற்றின் மேல்தான் சந்தேகம் விழ வேண்டும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை

குளிரில் மட்டும் என்றால், ஹீட்டர் விளக்கு அணையும்வரை காத்திருந்து அடித்துப் பாருங்கள். கடுங்குளிரில் டீசலில் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். குளிர்கால டீசல் போடாத வண்டிக்கு இது வரும்.

ஃபில்டர் மாற்றிய பிறகு வந்தால் காற்றுதான். கை பம்ப் கெட்டியாகும்வரை அழுத்துங்கள். புது ஃபில்டருக்குள் நேரடியாக டீசலை ஊற்றி மாட்டும் பழைய பழக்கம் காமன் ரெயில் இன்ஜினுக்கு, அதாவது மிக அதிக அழுத்தத்தில் டீசலைத் தெளிக்கும் இந்த வகை இன்ஜினுக்கு ஆகாது. வடிகட்டாத டீசல் சுத்தமான பக்கத்துக்குள் போய்விடும், அதில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துகள் இன்ஜெக்டருக்கு எமன். பழைய வண்டியில் செய்ததுபோல இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்திக் காற்று எடுக்கவும் கூடாது. இந்தப் பைப்புகளில் இன்ஜின் ஓடும்போது 1,600 பாருக்கு மேல், சில இன்ஜின்களில் 2,500 பார் வரை அழுத்தம் இருக்கும். ஊசித்துளை அளவு கசிவுகூடத் தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். கசிவைக் கையால் தடவித் தேடக் கூடாது, ஒரு அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்க்கலாம். டீசல் தோலுக்குள் ஏறிவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனை.

தண்ணீர் விளக்கு எரிந்தால் வாட்டர் செப்பரேட்டரின் அடி வால்வைத் திறந்து, தெளிந்த டீசல் வரும்வரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். கொஞ்சம் தண்ணீர் சகஜம். திரும்பத் திரும்ப வந்தால் டீசல் நிரப்பும் இடத்தை மாற்றுங்கள், டேங்க் மூடியின் வாஷரையும் பாருங்கள்.

செல்ஃபை அரை நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள். இடையில் இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள்.

பிக்கப் இல்லை, ஏற்றத்தில் இழுக்கவில்லை

புது லாரி ஓனர்கள் அதிகம் புலம்புவது இதைப் பற்றித்தான், அதிகம் ஏமாறுவதும் இதில்தான். முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வண்டியால் இழுக்க முடியவில்லையா, அல்லது கணினி இழுக்க விடவில்லையா?

திரையில் யூரியா, புகை வடிகட்டி, இன்ஜின் வெப்பம் பற்றி ஏதாவது வாசகம் இருந்தால் இரண்டாவது. இன்ஜினைக் காப்பாற்றவோ புகை விதிக்காகவோ சக்தி வேண்டுமென்றே குறைக்கப்பட்டிருக்கிறது. அந்த மூலக்காரணத்தைச் சரிசெய்தால்தான் சக்தி திரும்பும். விளக்கு எதுவும் இல்லாமல் மந்தமாக இருந்தால், டேஷில் எகானமி-பவர் ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். லோடோடு எகானமியில் விட்டுவிட்டு ஒர்க்‌ஷாப்பில் சண்டை போடுவது நடக்கிற விஷயம்தான். வேக வரம்பு எவ்வளவு வைத்திருக்கிறது என்றும் கேட்டு வையுங்கள்.

அதுவும் இல்லையென்றால் காற்றுப் பாதை. ஏர் ஃபில்டரின் அடைப்புக் காட்டி சிவப்பில் இருந்தால் ஃபில்டரை மாற்ற வேண்டும். காற்றடித்து ஊதி மாட்டினால் காகிதம் கிழிந்து தூசு டர்போவுக்குப் போகும். அடுத்தது டர்போவிலிருந்து காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ஹோஸ்கள். புது வண்டியில் ரப்பர் சூடேறி ஆறி அமரும்போது கிளாம்ப் கொஞ்சம் தளர்வது உண்டு. லோடோடு ஏற்றம் ஏறும்போது விசில்போல ஒரு சீறல் கேட்கும், சும்மா நிறுத்தி ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கேட்காது. ஹோஸ் இணைப்பைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். கசியும் இடத்தில் மெல்லிய எண்ணெய்ப் பசையும் அதில் ஒட்டிய தூசுமாக விசிறிபோல் விரிந்த கறுப்புக் கறை தெரியும். ஹோஸின் அடிப்பக்கம்தான் கண்ணில் படாது, அங்கே விரலை வளைத்துத் துழாவுங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது செய்யுங்கள், சொல்லத் தேவையில்லை.

காற்று சரியென்றால் டீசல் பக்கம் வாருங்கள். கொஞ்ச தூரம் நன்றாக ஓடி, பிறகு சக்தி படிப்படியாக வடிந்து, நிறுத்தி எடுத்தால் மறுபடி நன்றாக ஓடுகிறதா? டேங்க் மூடியைத் திறக்கும்போது 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் டேங்க்கின் மூச்சுத்துளை அடைத்திருக்கிறது. வெற்றிடத்தை எதிர்த்து பம்பால் டீசலை இழுக்க முடியவில்லை. இதைப் பார்க்காமலே பம்பை மாற்றச் சொல்பவர்கள் உண்டு.

உயரமான மலைப்பகுதியில் காற்று மெலிந்திருப்பதால் கொஞ்சம் சக்தி குறைவது இயல்பு. அது கோளாறு கிடையாது.

டிபிஎஃப் (புகை வடிகட்டி) விளக்கு, தானாக ஏறும் ஆர்பிஎம், சூட்டு வாடை

நின்றுகொண்டிருக்கும் வண்டியில் ஆர்பிஎம் தானாக ஏறுகிறது, ஃபேன் இரைகிறது, சைலன்சர் பக்கம் அனல் அடிக்கிறது என்றால் பதறவேண்டாம். வடிகட்டியில் சேர்ந்த கரியை வண்டி எரித்துக்கொண்டிருக்கிறது. ரீஜென் என்பது இதுதான். அப்போது புகைப்பாதையில் 550 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடு இருக்கும். அரை மணி நேரம் வாக்கில் ஆகலாம். காய்ந்த புல், வைக்கோல், எண்ணெய் சிந்திய தரை இவற்றின் மேல் நிறுத்தாதீர்கள்.

இதை நடுவில் அணைப்பதுதான் கெடுதல். ஒருமுறை அணைத்தால் ஒன்றும் ஆகாது. குறைந்த தூரம் ஓடி, மணிக்கணக்கில் ஐடிலில் நின்று, ஒவ்வொரு முறையும் ரீஜெனைப் பாதியில் வெட்டும் வண்டியில் கரி ஏறிக்கொண்டே போகும். விளக்கு மஞ்சளாக வந்த உடனே லோடோடு நெடுஞ்சாலையில் நிதானமான வேகத்தில் ஒரு ஓட்டம் விட்டால் பெரும்பாலும் அடங்கும். இல்லையென்றால் நிறுத்தி வைத்துச் செய்யும் ரீஜென் ஸ்விட்ச் இருக்கிறது. ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில், பிடிஓ அணைத்து, இன்ஜின் சூடாக இருந்தால்தான் அது தொடங்கும். தொடங்கவே இல்லையா? ரீஜெனைத் தடுக்கும் ஸ்விட்ச் ஆன் நிலையில் கிடக்கிறதா பாருங்கள். எரியக்கூடிய பொருள் இருக்கும் இடத்துக்குள் போவதற்காக அதை அழுத்தியிருப்பார்கள், வெளியே வந்ததும் மறந்திருப்பார்கள்.

சிவப்பு விளக்கு வரை போய்விட்டால் நீங்களாக எரிக்க முயலக் கூடாது. கரி அளவுக்கு மீறிச் சேர்ந்த வடிகட்டியில் அது கட்டுப்பாடில்லாமல் பற்றி உள்ளே இருக்கும் பீங்கானையே உடைத்துவிடும்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ஆயில் குச்சி. ஆயில் குறைவதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். இந்த வண்டிகளில் ஆயில் ஏறுகிறதா என்றும் பாருங்கள். பல இன்ஜின்களில் ரீஜெனுக்கான சூட்டை உண்டாக்க சிலிண்டருக்குள்ளேயே கூடுதல் டீசல் தெளிக்கப்படும். பாதியில் நிற்கும் ரீஜென்கள் அதிகமானால் அந்த டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். குச்சியில் அளவு மேல் கோட்டைத் தாண்டி, ஆயில் நீர்த்து, டீசல் வாடை அடித்தால் கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காமல் ஆயிலை மாற்றுங்கள். பால்போல் வெளுத்திருந்தால் அது தண்ணீர், இன்ஜினை ஓட்டவே கூடாது.

ஆயில் வகையும் முக்கியம். கரியை எரித்துவிடலாம், ஆயிலிலிருந்து வரும் சாம்பலை எரிக்க முடியாது. அது வடிகட்டியில் தங்கிவிடும். டப்பாவில் ஏபிஐ சிகே-4 (API CK-4) என்று தரக் குறியீடு போட்டதுபோன்ற சாம்பல் குறைந்த ரகம்தான் இந்த இன்ஜின்களுக்கு. கையேட்டில் போட்டிருக்கும் எண்ணை டப்பாவில் பார்த்து ஊற்றுங்கள்.

யூரியா விளக்கு

ஆட்ப்ளூ என்று விற்கும் திரவத்தில் 32.5 சதவீதம் யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். உர யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் அதில் இருக்கும் உப்புகளும் அழுக்கும் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கியைக் கொன்றுவிடும். மிச்சம் பிடித்த காசைப்போலப் பல மடங்கு செலவு வைக்கும்.

நிரப்பிய பிறகும் விளக்கு அணையவில்லை என்றால் கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள். சில வண்டிகளில் அளவுமானி உடனே மாறாது. தரம் பற்றிய வாசகம் வந்தால் திரவத்தின் வயதைக் கேளுங்கள். 25 டிகிரியில் சுமார் 18 மாதம் தாங்குவது, 35 டிகிரியில் வைத்தால் ஆறு மாதம்தான். வெயிலில் கிடந்த கேன் வேண்டாம். டீசல் ஊற்றிய புனலில் யூரியா ஊற்றவும் வேண்டாம், துளி எண்ணெய்கூட பம்பின் ரப்பர்களைக் கெடுக்கும். மைனஸ் 11 டிகிரியில் இது உறையும். உறைந்தால் டேங்க் ஹீட்டர் உருக்கிக்கொள்ளும், இன்ஜினை ஸ்டார்ட் செய்ய அது தடையில்லை.

யூரியாவை மாற்றி டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைத் தொடவே கூடாது. பல வண்டிகளில் சாவி போட்டதுமே பம்ப் ஓடி அதை எரிபொருள் பாதைக்குள் கொண்டுபோய்விடும். டேங்கை இறக்கிக் கழுவினால் போதுமா, மொத்த எரிபொருள் அமைப்பையும் மாற்ற வேண்டுமா என்பது அந்தச் சாவியில் இருக்கிறது.

தெளிப்பான் முனையில் வெள்ளையாகப் பொடி படிந்து அடைத்துக்கொள்வது இன்னொரு தொல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் கரையும். அடிக்கடி வந்தால் டிரைவரின் பழக்கத்தைக் கவனியுங்கள். இன்ஜினை அணைத்த பிறகு பம்ப் சில நிமிடம் ஓடி, பைப்பில் இருக்கும் யூரியாவை டேங்குக்குத் திருப்பி எடுக்கும், மெல்லிய முனகல் கேட்கும். அது முடியும் முன் பேட்டரி கட்-ஆஃபை இழுத்துவிட்டால் யூரியா பைப்பிலேயே நின்று காய்ந்து கல்லாகும்.

இந்த அமைப்பையே ஏமாற்றும் சின்னப் பெட்டிகள் விற்கிறார்கள். வாரண்டி போகும், பல நாடுகளில் சட்டமும் பாயும்.

புகை

டிபிஎஃப் உள்ள வண்டியில் வால் பைப் ஆறியிருக்கும்போது உள்ளே வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி கிட்டத்தட்ட வெள்ளையாகவே வர வேண்டும். கரி ஒட்டினால் வடிகட்டி விரிசல் கண்டிருக்கிறது அல்லது யாரோ கைவைத்திருக்கிறார்கள். குளிரில் கிளப்பும்போது வரும் வெண்புகை சூடானதும் மறைந்தால் கவலை இல்லை. சூடான பிறகும் வெள்ளையாக, இனிப்பு வாடையோடு வந்து கூலன்ட்டும் குறைந்தால் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துத்தான் போக வேண்டும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது.

சூடு ஏறுகிறது

முதல் சில வாரங்களில் கூலன்ட் ஒருமுறை லேசாகக் குறைவது, உள்ளே சிக்கியிருந்த காற்று வெளியேறுவதால் இருக்கலாம். அதே ரகத்தை ஊற்றி நிரப்புங்கள். வேறு ரகம் கலந்தால் சில சமயம் கூழாகி ரேடியேட்டரை அடைக்கும். மறுபடி குறைந்தால் கசிவு. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள்.

அளவு சரியாக இருந்தும் லோடில் சூடேறினால் ரேடியேட்டருக்கும் இன்டர்கூலருக்கும் நடுவில் டார்ச் அடியுங்கள். வெளிமுகம் சுத்தமாக இருக்கும், நடுவில் தூசும் பூச்சியும் மெத்தையாகப் படிந்திருக்கும். அழுத்தம் குறைந்த தண்ணீரை இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே பீய்ச்சுங்கள். சர்வீஸில் பிரஷர் வாட்டர் அடிக்கும்போது சாக்கெட்டுகளில் நேராகப் படவிடாதீர்கள். கழுவிய மறுநாள் வரும் கோடுகளுக்கு அதுதான் காரணம்.

ஏர் பிரேக்

காற்று நிறைந்ததும் 'புஸ்' என்று ஒரு சத்தம் வருவது, காற்றிலுள்ள ஈரத்தைப் பிரிக்கும் டிரையர் தண்ணீரை வெளியேற்றுவது. அடிக்கடி, பிரேக்கைத் தொடாமலே வந்தால் எங்கோ காற்று கசிகிறது. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, காற்றை முழுதாக ஏற்றி, இன்ஜினை அணைத்து, பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். முதல் இறக்கத்தை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு ஒரு நிமிடத்தில் 0.2 பாருக்கு மேல் இறங்கினால் சோப்புத் தண்ணீரோடு இணைப்புகளைத் தேடுங்கள். கூடுதல் ஹார்னுக்கோ டெயில்கேட்டுக்கோ பிரேக் டேங்கிலிருந்து யாராவது டீ (T வடிவ இணைப்பு) போட்டுக் காற்று எடுத்திருந்தால் முதல் சந்தேகம் அங்கேதான், அதை உடனே எடுத்துவிட வேண்டும். டேங்கின் டிரெய்ன் வால்வில் தண்ணீர் வந்தால் டிரையர் கேட்ரிட்ஜ் மாற்றும் நேரம். ஆயில் வந்தால் கம்ப்ரசரைக் காட்டுங்கள்.

குறைந்த காற்றழுத்த எச்சரிக்கை அடித்துக்கொண்டிருக்கும்போது வண்டியை நகர்த்தவே கூடாது.

ஆட்டம், ஒருபக்கம் இழுப்பு

சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி முடுக்க வேண்டும். புது வண்டிக்கும் கையேடு இதையே சொல்லும். நட்டின் அடியிலிருந்து துருக்கோடு வழிந்திருந்தால் அது தளர்ந்திருக்கிறது, ஓட்டாதீர்கள். ஸ்பிரிங் பட்டைகளைப் பிடித்திருக்கும் யூ போல்ட்டுகளும் முதல் லோடுகளுக்குப் பிறகு தளரும், முதல் சர்வீஸில் கேட்டு இறுக்க வையுங்கள்.

காலையில் ஆட்டம், கொஞ்சம் ஓடியதும் மறைவு என்றால் நின்ற இடத்தில் தட்டையான டயர். ஒரே வேகத்தில் மட்டும் அதிர்வு, அதுவும் பாடி கட்டிய பிறகோ சேசிஸை நீட்டிய பிறகோ தொடங்கியது என்றால் கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்ட்டின் கோணத்தை அளக்க வேண்டும். ஒருபக்கம் இழுத்தால் முதலில் ஆறிய டயர்களில் காற்றை அளந்து, பிறகு ஓடி வந்ததும் வெப்பமானியால் இரண்டு பக்க ஹப்புகளையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங்கில் கோளாறு.

மைலேஜ் சரியில்லை

டேஷ் காட்டும் கணக்கை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். டேங்க் வாய்வரை நிரப்பி, ஓட்டி, மறுபடி வாய்வரை நிரப்பிப் பாருங்கள். ரீஜெனும் ஐடிலும் டீசல் குடிக்கும்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது

"வண்டி இழுக்கல" என்று சொல்லி விட்டுவிட்டு வராதீர்கள். லோடு எவ்வளவு, எந்த கியர், எந்த ஆர்பிஎம், எவ்வளவு நேரம் ஓடிய பிறகு, மேடா சமதளமா என்று ஒரு தாளில் எழுதி, டேஷ்போர்டு படத்தோடு கொடுங்கள். கோடு எண்களை ஜாப் கார்டிலேயே ஏற்றச் சொல்லுங்கள். விட்டு விட்டு வரும் கோளாறு என்றால், அது வரும் அதே லோடோடு, ஃபிட்டரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். காலி வண்டியில் ஷெட்டைச் சுற்றிவிட்டு "எல்லாம் ஓகே" என்று எழுதித் தந்தால் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.